சம்பந்தியின் ஈஸ்ட்

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு தெரிவுகள் முக்கியம். ஒன்று மாப்பிள்ளை, மற்றது பியருக்கான ஈஸ்ட். மாப்பிள்ளையை என் மகளே தெரிவு செய்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னாள். ஆகவே தகப்பன் என்ற முறையில் எனக்கு மிஞ்சியது ஈஸ்ட். என் பங்கை நான் ஒழுங்காகச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கல்யாணம்தான் இல்லை.

மாப்பிள்ளை ஜெர்மன் பொடியன். அதில் எனக்குப் பெரிய கலக்கம் இருக்கவில்லை. இருந்த கொஞ்சத்தையும் என் மனுசி தன் பங்கோடு சேர்த்து எடுத்துக்கொண்டாள். என் பயமெல்லாம் அவனுடைய தகப்பனைப் பற்றித்தான். நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வேலையிடத்தில் காலை வணக்கம் சொல்ல ஆட்கள் உண்டு. படிக்கட்டில் சந்தித்தால் காலநிலையைப் பற்றிக் குறை சொல்ல அயலவர்கள் உண்டு. ஆனால் மணியை அடித்து, "சும்மா வந்தனான்" என்று உள்ளே வரக்கூடிய ஒரு ஜெர்மன்காரர் எனக்கு வாய்த்ததில்லை. இங்கே சும்மா வருவதற்கே டெர்மின், அதாவது முன்கூட்டியே நாளும் நேரமும், எடுக்க வேண்டும்.

அவர் முதல்முறை வந்தபோது கையில் பூங்கொத்து இல்லை. தானே காய்ச்சிய பியர் இரண்டு போத்தில். ஒடிசலான மனிதர், என் வயது, மனைவி பிரிந்து போய்த் தனியாக இருக்கிறார், வேலை லிஃப்ட் பரிசோதிப்பது. நான் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எஸ்-பான் ரயில் ஓட்டுகிறவன். மனுசி வைத்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டு அவர் யோசித்துச் சொன்னார்.

"நீங்கள் சனத்தை முன்னுக்குக் கொண்டு போறியள். நான் மேலுக்குக் கொண்டு போறன். இடையில நிண்டுபோச்செண்டால் ரெண்டு பேருக்கும் ஏச்சுத்தான்."

உண்மையில் நாங்கள் ஜெர்மனில் 'நீ' போட்டுத்தான் கதைத்தோம். ஆனால் தமிழில் எழுதும்போது மகளின் மாமனாரை நீ என்று எழுதக் கை வரவில்லை. ஆகவே மரியாதையைச் சேர்த்துவிட்டிருக்கிறேன். அவருக்குத் தெரியவரப் போவதில்லை.

அன்றைக்கு அவருக்கு ஒரு சொல் சொல்லிக் கொடுத்தேன். சம்பந்தி. நாலைந்து தரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார்.

"எங்களிட்டை இதுக்கு ஒரு சொல்லும் இல்லை. மகன் கட்டப்போற பிள்ளையின்ரை தகப்பன் எண்டு முழுக்கச் சொல்லவேணும். சொல்லி முடிக்க பியர் சூடாகிப்போடும்."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. போனை எடுத்தால் "சம்பந்தி!" என்று ஒரு முழக்கம். வாரம் ஒருமுறை, டெர்மின் இல்லாமல், சும்மா வந்தார். நானும் சும்மா போனேன். அப்படித்தான் அவருடைய கராஜில் கல்யாணத்துக்கு நாங்களே பியர் காய்ச்சுவது என்று முடிவாயிற்று. முதலில் யார் சொன்னது என்பது எனக்கு ஞாபகம் இல்லை. ரோல்ஸுக்குத்தான் தெரியும்.

ஈஸ்ட் எடுப்பதென்றால் நான் பாண் சுடப் போடும் ஈஸ்ட் பக்கெற்றை நினைத்துக்கொண்டு போனேன். அவர் கராஜ் மேசையில் மூன்று விதமான பைகளைப் பரப்பி வைத்து, கோழிக்கடைக்காரர் மாதிரி அதன் அதன் குணத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். இது அடியில் கிடந்து வேலை செய்யிற இனம். குளிர் வேணும், கிழமைக் கணக்காய்ப் பொறுமை வேணும், ருசி துப்பரவாய் வரும். இது மேலே நின்று வேலை செய்யிற இனம். அறைச் சூடு போதும், கெதியாய் முடிக்கும், ஆனால் நுரை தள்ளும், வாசமும் விடும்.

"பொறுமை உங்களுக்கு எப்பிடி?" என்று கேட்டார்.

"மனுசியைக் கேளுங்கோ."

"அப்ப மேலே நிக்கிறதுதான்" என்று கோதுமை பியர் ஈஸ்ட்டை என் கையில் வைத்தார்.

பரீட்சைக்காக முதல் தரம் காய்ச்சியதைப் புளிக்க வைக்க எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெரிய பிளாஸ்ரிக் வாளி. மூடியில் காற்று வெளியேறத் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய், அது புளுக் புளுக் என்று சொல்லும். எனக்கு என்ன பயமென்றால், ஈஸ்ட்டுக்குக் குளிர் பிடித்துவிடும். நான் வளர்ந்த வழக்கத்தில் புளிக்கிற எதையும் போர்த்தி வைத்துத்தான் பழக்கம். என் குளிர்கால ஜாக்கெற்றைக் கழற்றி வாளிக்குப் போட்டு, ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்தி, சிப்பைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது குழாய் சீலிங்கில் இருந்தது. நுரை ஜாக்கெற்றின் இரண்டு கையாலும் வெளியே வந்து யாரையோ கட்டிப்பிடிக்கத் தேடுகிற மாதிரி நிலத்தில் நீட்டிக் கிடந்தது. சீலிங்கில் மண்ணிறத்தில் ஒரு வட்டம். நான் செய்த முதல் காரியம் வாளியைத் தூக்கியது அல்ல, கைபேசியைத் தூக்கியது.

"சம்பந்தி, வெடிச்சுப்போச்சு! இப்ப சத்தமும் இல்லை! செத்துப்போச்சோ?"

"என்ன உடுப்புப் போட்டு விட்டனீங்கள்?"

"ஜாக்கெற்."

மறுபக்கத்தில் இப்போது சிரிப்பு வெடித்தது. அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. ரயில் நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் போகிறவன் நான். ஒரு வாளி நுரைக்குப் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மனுசி வந்து சீலிங்கைப் பார்த்தாள், ஜாக்கெற்றைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் இல்லை, சாராயத்தின் பெயரே சொல்லக்கூடாது. இன்றைக்கு வாளி ஜன்னலால் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவள் குனிந்து மணந்து பார்த்தாள்.

"என்னப்பா இது, வாழைப்பழம் மணக்குது."

"அது அந்த ஈஸ்ட்டின்ரை குணமாம்."

"கராம்பும் மணக்குது." இன்னொருக்கா மணந்தாள். "பஞ்சாமிர்தம் மாதிரியெல்லோ கிடக்கு. சரி, ஜாக்கெற்றை நீங்களே தோயுங்கோ."

ஆக, ஈஸ்ட்டுக்கு எங்கள் வீட்டில் விசா கிடைத்தது அப்படித்தான்.

கல்யாணம் இலையுதிர் காலத்தில். கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துப் பியரைக் காய்ச்ச நாள் வைத்தோம். பெரிய பானை அவருடைய கராஜில். காலையிலேயே தொடங்கி, முளைவிட்ட கோதுமையும் பார்லியும் ஊறவைத்து, வடித்து, கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட வேண்டிய கட்டத்துக்கு வந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. மனுசியும் மகளும் அப்போதுதான் கோப்பிக்கு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு வேறு அலுவலாம், வரவில்லை. மனுசி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இப்ப போடக்கூடாது. ராகுகாலம்."

"பியருக்கு என்னப்பா ராகுகாலம்?"

"கல்யாணத்துக்கெண்டு தொடங்கிற முதல் அலுவல் இது. பலகாரம் சுட நல்ல நேரம் பார்க்கிறம், இதுக்கு மட்டும் ஏன் பார்க்கக்கூடாது?"

 எனக்கு இருந்தது வேறு பயம். ஆறின மோல்ட் தண்ணியை, அதுதான் அந்த முளைத்தானியச் சாற்றை, ஈஸ்ட் போடாமல் வைத்திருப்பது, கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போகிற மாதிரி. காற்றில் திரிகிற ஊர்பேர் தெரியாத கிருமியெல்லாம் முதல் பந்தியில் வந்து குந்திவிடும். அதைச் சொல்லித் தந்தவரே சம்பந்திதான். அவரிடம் எப்படி ராகுவை மொழிபெயர்ப்பது? நான் விளக்கினேன். கிரகம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் வருவார், அந்த நேரத்தில் ஒன்றும் தொடங்கக்கூடாது, பிறகு போய்விடுவார்.

சம்பந்தி கவனமாகக் கேட்டார். பிறகு பானையின் மூடியை இறுக்கிப் போட்டு, விளிம்பைச் சுற்றி ஸ்பிரிட் அடித்து, வெறும் போத்தில் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் குந்தினார்.

"எங்கடை தொழிலிலயும் இருக்கு. லிஃப்டைப் பூட்டிப்போட்டு, ஏனெண்டு தெரியாமலே கொஞ்ச நேரம் நிக்கிறது. ராகு போகட்டும், இருப்பம்."

"கோடைக்கு இங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் மாத்தினா ராகுவும் மாத்துவாரோ அம்மா?" என்று மகள் கேட்டாள். தாய் முறைத்தாள்.

நாங்கள் நாலு பேரும் கவிழ்த்த பெட்டிகளில் இருந்தோம். கோப்பி குடித்தோம். சம்பந்தி ஒவ்வொரு கொஞ்சத்துக்கும் "ராகு இன்னும் நிக்கிறாரோ?" என்று கராஜ் கதவை எட்டிப் பார்த்தார், யாரோ வாசலில் கார் நிறுத்தியிருக்கிற மாதிரி. நான் வெப்பமானியைப் பானைக்குள் விடக் கையை நீட்டும்போதெல்லாம் மகள் புறங்கையில் தட்டினாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், முப்பது வருடத்தில் இந்த நாட்டில் நான் அவ்வளவு நிம்மதியாக ஒரு இடத்தில் குந்தியிருந்ததில்லை.

நேரம் முடிந்ததும் மனுசி மகளைத்தான் போடச் சொன்னாள். வலது கையால். பிள்ளை கோப்பையில் கரைத்து வைத்த ஈஸ்ட்டை மெதுவாக ஊற்றினாள். ஊற்றும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று இன்றைக்கும் எனக்கு வடிவாகச் சொல்லத் தெரியவில்லை.

பியர் கெட்டுப்போகவில்லை. ராகு நல்ல மனிதர். போத்தில்களில் அடைத்து, பாதியை அவருடைய கராஜிலும் பாதியை எங்கள் வீட்டு அடியில் உள்ள கெல்லரிலும் அடுக்கினோம். வாளியின் அடியில் தங்கிய ஈஸ்ட்டைச் சம்பந்தி சுரண்டி, கொதிதண்ணியில் அவித்துக் கழுவிய ஒரு வெறும் தேசிக்காய் ஊறுகாய்ச் சாடியில் போட்டு, என் பிரிட்ஜுக்குத் தந்துவிட்டார். மூடியை இறுக்கக்கூடாது, மூச்சு விடும், அடுத்த முறைக்கு இதுதான், என்றார். அடுத்த முறை என்னவென்று நான் கேட்கவில்லை. பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் கொண்டாட்டத்துக்கு என்று இரண்டு கிழடும் மனதுக்குள் ஏற்கெனவே பானையை அடுப்பில் வைத்திருந்தோம்.

போத்தில்கள் அடுக்கின கையோடு, ஒரு பின்னேரம் மகள் தனியாக வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள்.

"அப்பா, அம்மா. நாங்கள் செய்யேல்லை."

"என்னத்தை?" என்றாள் மனுசி.

"கல்யாணம். ரெண்டு பேரும் கதைச்சுத்தான் முடிவெடுத்தனாங்கள். ஒருத்தரும் ஒரு பிழையும் விடேல்லை. காரணம் கேக்காதேங்கோ."

மனுசி அடுப்பை அணைத்தாள். இந்த இடத்தில் ஒரு தகப்பன் சொல்லவேண்டிய சொற்கள் இருக்கும், யாராவது எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"அப்ப... பியர்?"

மகள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து, மேசையில் தலையைக் குத்தி அழத் தொடங்கினாள். நான் எழும்பி நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், என் ஜாக்கெற்றை எடுத்து அவளுடைய முதுகில் போர்த்தினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள். "அப்பா, கொஞ்ச நாளைக்கு அவையளோடை கதைக்காதேங்கோ. ஒருத்தரோடையும். எனக்கு ஏலாது."

"ஓம் பிள்ளை."

ஓம் என்று சொல்லத் தமிழில் ஒரு எழுத்தும் ஒரு புள்ளி வைத்த எழுத்தும்தான் வேணும். கெதியாய்ச் சொல்லி முடிந்துவிடும்.

சம்பந்தி ஒருமுறைதான் போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. அவருடைய பிள்ளையும் அதையே அவரிடம் கேட்டிருக்க வேண்டும், பிறகு அவர் அடிக்கவேயில்லை. கல்யாணம் நின்றதை ஊருக்குச் சொல்ல வழியிருந்தது. மனுசி அக்காமாருக்கெல்லாம் போனில் சொல்லி, அவர்களும் அழுது, அது ஒருமாதிரி நடந்து முடிந்தது. என் இழவை யாரிடம் சொல்வது? என் சம்பந்தி போய்விட்டார் என்றால், செத்துப்போனாரோ என்பார்கள். இல்லை, நல்ல சுகமாக ரயிலில் ஏறி வேலைக்குப் போகிறார். என் ரயிலில்.

அதுதான் மோசம். அவருடைய ஸ்டேஷன் என் பாதையில் இருக்கிறது. முன்பெல்லாம் அவர் நிற்கிறாரா என்று நான் பார்ப்பேன், நின்றால் விளக்கை ஒருமுறை சிமிட்டுவேன். இப்போது அவர் ஒவ்வொரு ரயிலின் முன்கண்ணாடியையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெயிலில்லாத மார்கழியிலும் வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஜெர்மனியில் அந்த மாதம் வெயில் கண்ணாடி போட்ட ஒரே ரயில் ஓட்டி நானாகத்தான் இருந்திருப்பேன். ஒளித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஒருநாள் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். வணக்கமோ, தலைமயிரை ஒதுக்கினாரோ தெரியாது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, ரயிலைக் குறித்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். முன்பெட்டிச் சனம் என்னைத் திட்டிக்கொண்டு ஏறியது. இடையில் நின்றால் ஏச்சு என்று அவர் முதல் நாளே சொன்னவர்.

வீட்டுக்குப் போனால் பிரிட்ஜில் சாடி. ஈஸ்ட்டைக் கனகாலம் சும்மா வைத்திருக்க முடியாது, இடைக்கிடை தீனி வேணும் என்று சொல்லியிருந்தார். நான் காய்ச்சவில்லை. தனியாகக் காய்ச்ச மனம் வரவில்லை. ஆனால் கொஞ்சம் மோல்ட் தண்ணி கொடுப்பேன், மூடியைத் தளர்த்துவேன், காதை வைத்துக் கேட்பேன். மனுசி பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அவளாகவே, "இருக்குதோ?" என்றாள். "இருக்கு" என்றேன்.

குளிர் விடுகிற காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாக மகள் முதல் நாள் போனில் சொன்னாள். அப்பம் வேணும் என்றாள். பிரிந்த பிறகு அவள் வாய்விட்டு எதையாவது கேட்டது அதுதான் முதல் தரம். மனுசி சனிக்கிழமை பின்னேரம் மாவைக் கரைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தால் ஈஸ்ட் இல்லை. கடைக்கு ஓடு என்று என்னைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மாவுக்குள் விட்டாள், அதை எனக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் மகள் முதல் அப்பத்தின் விளிம்பைப் பிய்த்து வாயில் வைத்தாள். நிறுத்தினாள். மணந்து பார்த்தாள், தாயைப் போலவே.

"அம்மா, இதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

"அப்பாவின்ரை சாடியில கொஞ்சம்."

 அவள் அந்த அப்பத்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள். கையை வழித்துக்கொண்டு, கோப்பையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவர் எப்பிடி இருக்கிறார்?"

"தெரியாது. ஸ்டேஷனில நிக்கிறார்."

"நீங்கள் கதைக்கிறேல்லையோ?"

"நீதானே சொன்னனி."

"ஐயோ அப்பா, கொஞ்ச நாளைக்கு எண்டுதானே சொன்னனான்."

"கொஞ்ச நாள் எண்டா எவ்வளவு எண்டு நீ சொல்லேல்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கமுடியாமல் நான் இன்னொரு அப்பத்தை எடுத்தேன். "ஒருக்காப் போயிட்டு வாங்கோ" என்றாள். "ஆனா வந்து எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. அவன் எங்க, என்ன செய்யிறான், ஒண்டும் வேண்டாம்."

சாடியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போனேன். இன்னொரு நாள் என்றால் பயம் பிடித்துவிடும் என்று என்னை எனக்குத் தெரியும். டெர்மின் எடுக்கவில்லை. மணியை அடித்தேன். கதவு திறந்தது. அவருக்குப் பின்னால் நடைபாதை முழுக்க அட்டைப் பெட்டிகள், சுவர்கள் வெறுமை.

"சம்..." என்று தொடங்கி நின்றுவிட்டேன்.

அவரும் வாயைத் திறந்து மூடினார். இரண்டு பேருக்கும் அந்தச் சொல்லைத் தவிர ஒருவரை ஒருவர் கூப்பிட வேறொன்றும் பழக்கம் இல்லை. பெயர் இருக்கிறது, கடிதப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அதைச் சொன்னால் தபால்காரன் மாதிரி இருக்கும்.

"இப்ப அந்தச் சொல்லை என்ன செய்யிறது?" என்றார் அவர்.

"தெரியாது. எங்கடை ஆக்கள் இதுக்கொரு சொல் செய்து வைக்கேல்லை."

உள்ளே விட்டார். மியூனிக்குப் போகிறாராம். அங்கேயே வேலையை மாற்றிக்கொண்டாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை, அங்கே அவருடைய மகன் இருப்பான் என்று விளங்கிவிட்டது, தெரிந்ததைக் காவிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. கராஜில் கல்யாணத்துப் போத்தில்கள் ஒன்றுகூட உடைக்காமல் அடுக்கினபடி இருந்தன. "தனியக் குடிக்கிற பியர் இல்லை இது" என்றார். ஒன்றைத் திறந்து இரண்டு கோப்பையில் ஊற்றினார். நாங்கள் வாழ்த்துச் சொல்லாமல் குடித்தோம். என்னத்தை வாழ்த்துகிறது?

பியர் கெட்டுப்போயிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கெடவில்லை. அவர் கோப்பையை மூக்கருகில் பிடித்துக் கனநேரம் வைத்திருந்தார்.

"வாழைப்பழம் போயிட்டுது" என்றார். "கோதுமை பியர் புதுசில குடிக்கவேணும். வைச்சால் முதல் போறது வாழைப்பழம்தான்."

"கராம்பு நிக்குது."

"ஓம். கராம்பு நிக்கும்."

பல்லுக்குத்துக்குக் கராம்பு வைப்போமே, அந்த இடம் மட்டும் மரத்துப்போகும்.  அதற்குப் பிறகுதான் சாடியை நீட்டினேன். மேலே தெளிந்த தண்ணி, அடியில் கிறீம் நிறத்தில் ஈஸ்ட். மூடியைத் தளர்த்தியதும் மெல்ல ஒரு மூச்சு விட்டது. அவருடைய கண் கலங்கியதா, ஊறுகாய் மணம் மூக்கில் அடித்ததா, தெரியவில்லை. அந்தச் சாடியில் அந்த மணம் இன்றுவரை போகவில்லை.

"இவ்வளவு காலமும் உயிரோடை வைச்சிருக்கிறியள்!"

"இண்டைக்கு அப்பமும் சுட்டது."

"பாதி எனக்கு" என்று பெட்டியொன்றைக் கிழித்து வெறும் போத்தில் ஒன்றை எடுத்தார். எழுந்து குழாயடிக்குப் போனவர் நின்று, சுவரில் மிஞ்சியிருந்த ஒரே பொருளான மணிக்கூட்டைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்.

"இப்ப அவர் நிக்கிறாரோ?"

நான் கணக்குப் பார்த்தேன். "ஓம். இப்பதான் வந்திருக்கிறார்."

"அப்ப ஒண்டும் தொடங்கேலாது."

"ஏலாது."

"ஒண்டும் பிரிக்கவும் ஏலாதோ?"

அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. மனுசியைக் கேட்டால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. "அதுவும் ஏலாது" என்றேன், பஞ்சாங்கமே நான்தான் எழுதின மாதிரி.

அவர் இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டார். இருந்தோம். சாடி நடுவில். கராஜ் கதவு பாதி திறந்து கிடந்தது. அவர் எட்டிப் பார்க்கவில்லை, நானும் மணிக்கூட்டின் பக்கம் திரும்பவில்லை. வாழ்க்கையிலே முதல் தரமாக ராகு போய்விடக்கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டு இருந்தேன்.